கண்டியா, ஹட்டனா, நுவரெலியாவா, பதுளையா? மலையகத்தில் அலுவலகம் போட இடம் பார்த்தபோது

பன்னிரண்டு வருடம் கொழும்பில் கணக்காய்வு வேலை பார்த்தபின் ஊர்ப்பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்தேன். திரும்பும் முடிவு ஒரே இரவில் வந்துவிட்டது. எந்த ஊர் என்பதுதான் நான்கு மாதம் இழுத்தது. நான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கூட வருகிற தோழி பசறைக்காரி. சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு. இரண்டு தொழிலுக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை, தனித்தனிக் கணக்குப் புத்தகம். மாடி மட்டும் ஒன்று. அந்த மாடியை எங்கே எடுப்பது? கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று நான்கு ஊரிலும் மாறி மாறித் தங்கிப் பார்த்தோம். இதே யோசனையோடு கொழும்பில் இருக்கும் மலையகப் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: மலையில் இருந்துகொண்டு இந்தத் தொழில் நடக்குமா? பயம் நியாயமானதுதான். உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், வர்த்தக மேல் நீதிமன்றம் எல்லாம் கொழும்பில். சட்டக் கல்லூரி கொழும்பில். மத்திய வங்கி, பங்குச் சந்தை இரண்டின் தலைமையகமும் கொழும்பில். மலையில் பிறந்த பணம்கூடக் கீழே இறங்கித்தான் வளர்ந்திருக்கிறது. 1888இல் ஹட்டன் நகரத்தில் வெள்ளைக்காரர் இருவர் தோட்டத்தை நம்பித் தொடங்கிய சிறிய வங்கிதான் ஹட்டன் வங்கி. 1970இல் அது ஹட்டன் நஷனல் வங்கியானது. பெயரில் ஹட்டன் இன்னும் இருக்கிறது, தலைமையகம் கொழும்பில் இருக்கிறது.

ஆனால் எல்லாரும் இறங்கிவிடவில்லை. 1957இல் தொடங்கிய சென்ட்ரல் பினான்ஸ் இன்றுவரை கண்டியைத் தலைமையிடமாக வைத்தே நாடு முழுக்கக் கிளை நடத்துகிறது. 1968இல் தொடங்கிய செங்கடகல பினான்ஸும் கண்டியில்தான். குத்தகைக் கடன், வாகனக் கடன், வைப்பு என்று பெரிய தொகைகளைப் புரட்டும் இரண்டு நிறுவனங்கள் மலையில் இருந்தபடியே அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கின்றன. அதனால் நடக்குமா என்ற கேள்வியை நாங்கள் சீக்கிரமே விட்டுவிட்டோம். யாருக்காக நடத்தப் போகிறோம் என்ற கேள்விதான் மிச்சம்.

அதற்கு விடை தேட எங்கள் வேலைகளை இரண்டு குவியலாகப் பிரித்தோம். ஆள் வராமலே முடியும் வேலை ஒன்று. ஆள் வந்தே ஆகவேண்டிய வேலை மற்றது.

என் பக்கத்து வேலையில் பெரும்பகுதி முதல் குவியலில் விழுந்தது. கம்பனிப் பதிவு 2018இலிருந்து இணையத்தில் நடக்கிறது. வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்கு முன் இணையத்திலேயே அனுப்பலாம். பெறுமதி சேர் வரியும் அப்படித்தான். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் ஆனபிறகு சின்ன முதலாளிமார்கூடக் கணக்காளரைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வேலைக்கு எனக்கு வேண்டியது மின்சாரம், இணையம், பில் கட்டை ஒழுங்காக அடுக்கித் தரும் ஒரு உதவியாளர். இதைக் கண்டியில் இருந்து செய்தாலும் ஹட்டனில் இருந்து செய்தாலும் ஒன்றுதான்.

தோழியின் வேலை நேர்மாறு. காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, ஆள் நேரில் நின்று கையெழுத்து வைக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் போட்ட விதி அது, இன்றும் மாறவில்லை. சத்தியக்கடதாசி என்றாலும் ஆள் வரவேண்டும். வேலைத் தகராறுகளைக் கேட்கும் தொழில் நியாய சபையில் விளக்கம் என்றால் ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை வரவேண்டும். ஆக, அலுவலகம் எங்கே என்பதை என் வேலை தீர்மானிக்கக் கூடாது, தோழியின் வேலைதான் தீர்மானிக்க வேண்டும் என்று இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

சரி, இனி ஊர்களுக்கு வருவோம்.

கண்டி

தொழில் என்று மட்டும் பார்த்தால் மலையில் கண்டிக்கு நிகர் இல்லை. நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம் எல்லாம் அங்கே உண்டு. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிரான குடியியல் மேன்முறையீடும் மாகாணத்திலேயே கேட்கப்படுகிறது. முன்பென்றால் ஒரு காணி வழக்கில் தோற்றவர் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். இப்போது கண்டியில் இருக்கும் சட்டத்தரணி அந்த வழக்கைத் தொடக்கத்திலிருந்து மேன்முறையீடு வரை ஊரை விட்டு அசையாமல் நடத்தலாம். தோழிக்கு இது பெரிய ஈர்ப்பு.

அடுத்தது உறுதி வேலை, அதாவது காணிப் பத்திரம் எழுதும் வேலை. கண்டி மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி 13 லட்சத்து 75 ஆயிரம் பேர். வீடு, வயல், கடை, தோட்டத்துண்டு என்று தனியார் காணி நிறைய. காணி இருந்தால் விற்பனை, ஈடு, நன்கொடை, பங்கு வழக்கு எல்லாம் பின்னால் வரும். நொத்தாரிசுக்கு மாதச் சோறு அதுதான். ஒன்று சொல்ல வேண்டும்: கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் என்று தனிச் சட்டம் உண்டு, வாரிசுரிமை அதன்படி போகும். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை. நம் மலையகத் தமிழருக்கு இரண்டும் பொருந்தாது, பொதுச் சட்டம்தான். கண்டியில் உட்காருகிற சட்டத்தரணி கண்டியச் சட்டத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோழி கொழும்பில் அதைத் தொட்டதே இல்லை.

எனக்கும் கண்டி வசதிதான். பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்தில். கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் நகரத்தில் நிறைய. பயிலுநர் தேடி அலைய வேண்டாம். வங்கிகள் எல்லாவற்றுக்கும் பெரிய கிளை உண்டு. இலங்கை வங்கி கொழும்புக்கு வெளியே முதல் கிளை திறந்ததே 1941இல் கண்டியில்தான். கொழும்புப் பங்குச் சந்தைக்கும் அங்கே ஒரு கிளை இருக்கிறது. இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயமும் கண்டியில். இந்தியாவுக்குப் போன உறவுகளின் ஆவணங்களோடு வருபவர்களுக்கு அது உதவி. கொழும்பு 115 கிலோமீற்றர். விடியப் புறப்பட்டால் வேலையை முடித்துக்கொண்டு இரவுக்குள் திரும்பலாம்.

குறை என்ன? வாடகை. தெருவோடு முகம் காட்டும் இடம் என்றால் ஒரு வருட முற்பணம் கேட்கிறார்கள். நகரம் ஏரிக்கும் மலைக்கும் நடுவே இறுகிக் கிடக்கிறது, 1988இலிருந்து உலக மரபுரிமை நகரமும்கூட. பழைய கட்டிடத்தில் நினைத்தபடி கை வைக்க முடியாது. வாகனம் நிறுத்த இடம் தேடியே அரை மணி போய்விடும். எசல பெரஹரா நாட்களில் பின்னேரம் தெரு மூடிவிடுவார்கள். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எங்களைத் திருப்பிப் போட்டது வேறொன்று.

கண்டியில் மூத்த சட்டத்தரணி ஒருவர் தன் அலுவலகத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொன்னார். புதன்கிழமை காலை பத்தரைக்கு ஒரு பெரியவர் வந்தார். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம். கூட மருமகள். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் பழைய நாட்காட்டித் தாளில் சுற்றிய கடதாசிகள். முப்பத்தியொரு வருடம் வேலை செய்தவர். சேமலாப நிதிக்கான பி கார்டில் தகப்பன் பெயர் முன்னால், அடையாள அட்டையில் பின்னால், பிறப்புப் பதிவில் அவருடைய பெயரிலேயே ஒரு எழுத்து வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி வேண்டும்.

தோழி பையை வாங்கி ஒவ்வொரு கடதாசியாக மேசையில் விரித்தாள். "ஐயா, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்று கேட்டாள்.

"விடிய மூணரைக்கும்மா. முதல் பஸ்ஸப் புடிச்சு ஹட்டனுக்கு வந்து, அங்கேருந்து இது."

கடதாசி இரண்டு பக்கம். தட்டச்சு செய்து, வாசித்துக் காட்டி, சத்தியம் வாங்கி, கையெழுத்து வைத்து முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காக இரண்டு பேர் மூன்றரை மணிக்கு எழும்பியிருக்கிறார்கள். வீடு போய்ச் சேர இரவாகும். போகும்போது மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்குப் பேர் போச்சுக்கா."

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தப் பேரையும் இரண்டு பேருடைய பஸ் காசையும் சாப்பாட்டையும் கூட்டினால், மூத்தவர் வாங்கிய கட்டணத்தைவிட அதிகம். அவர் குறைவாகத்தான் வாங்கினார். அவர் மீது எந்தத் தப்பும் இல்லை. தூரம்தான் விலை.

அன்று இரவு தோழி சொன்னாள்: "அக்கா, நாம வாடகையைக் கணக்குப் பார்க்கிறோம். அவங்க பேரைக் கணக்குப் பார்க்கிறாங்க." அதற்குப் பிறகு எங்கள் அளவுகோல் அதுவாகிவிட்டது. வரவேண்டியவர் அரைப்பேருக்கு மேல் இழக்காமல் வந்து போகக்கூடிய ஊர் எது?

ஹட்டன்

அந்த அளவுகோலை வைத்தால் வரைபடமே வேறு மாதிரித் தெரிகிறது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை: இத்தனை பக்கத்துப் பஸ்ஸும் வந்து சேரும் இடம் ஹட்டன். கண்டிக்குப் போகிறவரும், அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகிறவரும், மலைநாட்டு ரயிலைப் பிடிக்கிறவரும் இங்கேதான் மாறுகிறார்கள். பத்தாம் திகதி சம்பளம் போட்டபின் வரும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பிரதான வீதியில் நடந்து பார்த்தால் இந்த ஊர் யாருக்கு நகரம் என்று புரியும்.

மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் உண்டு. தொழில் நியாய சபை உண்டு. தொழில் அலுவலகம் உண்டு. தொழிற்சங்கங்களின் அலுவலகங்கள் கூப்பிடு தூரத்தில். அப்புறம் வேலை எப்படிப்பட்டது என்று பார்த்தால், சட்டமும் கணக்கும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கிற வேலை. ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து வருடமாவது வேலை செய்தவருக்கு, வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 1,350 ரூபாயில் வேலையை விட்டவருக்கு ஒரு வருடத்துக்கு 18,900 ரூபாய். முப்பது வருடம் என்றால் 5 லட்சத்து 67 ஆயிரம். இதுவே 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாயில் கணக்குப் போட்டிருந்தால் 4 லட்சத்து 20 ஆயிரம். கடைசிச் சம்பளம் எது, சேவைக்காலம் எந்தத் திகதியில் தொடங்கியது என்ற இரண்டு கேள்வியில் ஒன்றரை லட்சம் அங்கும் இங்கும் போகும். தோட்டம் அரசுக் கூட்டுத்தாபனத்திடம் இருந்து 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியபோது பதிவுகளும் கைமாறின. அதற்கு முந்திய வருடங்களைச் சேர்த்தார்களா என்று பார்க்க வேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகப் பணம் சேரும். சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும், நம்பிக்கை நிதியில் 3 வீதமும் மாதாமாதம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கணக்கு. வேலை நீக்கம் என்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போட வேண்டும். தோட்டத்தில் பலர் இந்தக் கெடு தெரியாமலே காலம் கடத்திவிட்டு வருகிறார்கள். கண்டிக்குப் போகத் தயங்கித் தயங்கி நாளைத் தள்ளிப்போட்டவர்களும் அதில் உண்டு.

ஆனால் ஹட்டனில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதை மறைத்தால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. உறுதி வேலை குறைவு. சுற்றிலும் உள்ள மலை முழுக்கத் தோட்டக் காணி. அரசுக்குச் சொந்தம், கம்பனிகளிடம் 53 வருடக் குத்தகையில். ஐந்து தலைமுறை வாழ்ந்த லயத்துக்கு யாரிடமும் உறுதி இல்லை. உறுதி இல்லாத இடத்தில் நொத்தாரிசுக்கு என்ன வேலை? நகரத்துக் கடை, வீடு, ஓரிரு கிராமத்துக் காணி, அவ்வளவுதான். தொழில் நியாய சபை வேலையிலும் தொழிலாளி சார்பில் சங்கப் பிரதிநிதியே பேச முடியும். சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. ஆகத் தோழியின் வருமானம் ஹட்டனில் கண்டியைவிட நிச்சயம் குறையும். முதல் இரண்டு வருடம் மாடி வாடகையை என் பக்கத்துக் கடைக்கணக்குதான் சுமக்க வேண்டும் என்று எழுதிக் கூட்டிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த அடி வைத்தோம். மளிகை, இரும்புக் கடை, நகைக்கடை, லொறிக்காரர், மரக்கறி மொத்த வியாபாரி என்று ஹட்டனில் முதலாளிமார் நிறைய. அவர்களில் பலருடைய கணக்கு இன்று கண்டிக்கும் கொழும்புக்கும்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தப் பள்ளம் அப்படியே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு 4,000 வீடு, அதற்கு மேல் இன்னும் 10,000 என்று அறிவித்தார்கள். ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்று காணித்துண்டுக்கு உரிமை பற்றிய பேச்சு ஒவ்வொரு ஆட்சியிலும் ஒரு படி நகர்கிறது. உறுதி கைக்கு வந்த நாளிலிருந்து அடுத்த வேலைகள் தொடங்கும்: வங்கிக் கடனுக்கு ஈடு, பிள்ளைகளுக்குள் பங்கு, மரண சாதனம், எல்லைத் தகராறு. முதல் தடவையாகக் காணி கிடைக்கிற சனத்துக்கு அதைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும். உறுதியை ஈட்டுக்கு வைக்கும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துச் சொல்ல ஒருவர் பஸ் தூரத்தில் இருக்க வேண்டும்.

மற்றக் குறைகள் சின்னவை. டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைப் பருவம். சனி ஞாயிறில் நகரம் நெருக்கும். கணக்கியல் படித்த பிள்ளைகள் ஊரில் பிறக்கிறார்கள், ஆனால் ஊரில் நிற்பதில்லை. பயிலுநரைக் கொழும்பிலிருந்து திரும்பி வரவைப்பது சிரமம். மழையும் ஈரமும் இன்னொன்று. நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியிலும் ஒரு பிரதியைத் தன்னிடம் காலம் முழுக்க வைத்திருக்க வேண்டும், ஒன்றை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். வைத்திருக்கும் பிரதி பூஞ்சணம் பிடித்தால் போச்சு. ஊரில் பழைய அலுவலகமொன்றில் இரும்பு அலுமாரிக்குள் இரவு பகலாக ஒரு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தோம். கதவைத் திறந்ததும் சூடான கடதாசி வாசனை. மாடி பார்க்கும்போது சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்பதை வாடகைக்கு முன் கேளுங்கள்.

நுவரெலியா

காகிதத்தில் நுவரெலியா ஹட்டனை வெல்ல வேண்டும். மாவட்டத் தலைநகர், கச்சேரி (மாவட்டச் செயலகம்), மேல் நீதிமன்றம், காணிப் பதிவகம், மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் எல்லாம் அங்கே. ஹோட்டல், மரக்கறி, பூச்செடி, விடுதி என்று பணம் புரளும் ஊர். ஹோட்டல் கணக்கு, குத்தகை உடன்படிக்கை, சுற்றுலாக் கம்பனிப் பதிவு போன்ற வேலை செய்பவருக்கு நான் யோசிக்காமல் நுவரெலியாவைத்தான் சொல்வேன். கந்தப்பளை, ராகலை, நானுஓயாப் பக்கத்து ஆட்களுக்கும் அதுதான் கிட்ட.

எங்களுக்குச் சரிவராததற்குக் காரணம் பஸ் பாதை. மஸ்கெலியாக்காரர் நுவரெலியாவுக்குப் போக ஹட்டனைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கிருந்து மேலும் இரண்டு மணி நேரம், அரைப்பேர் முழுப்பேராகிவிடும். ஏப்ரல் பருவத்தில் வாடகையும் அறையும் எட்டாத விலைக்குப் போகும், தெருவில் நகர முடியாது. 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் என் தாயை அழைத்துப் போய் வைத்திருக்கவும் மனமில்லை. இதெல்லாம் சேர்ந்தால் இரண்டாம் இடம்.

பதுளை

பதுளையை நான் சுருக்கமாகச் சொல்வது அதன் தரம் குறைவு என்பதால் இல்லை. அது வேறு உலகம் என்பதால். ஊவா மாகாணத்துக்கு அதுதான் கண்டி. மேல் நீதிமன்றம், குடியியல் மேன்முறையீடு, மாகாண அலுவலகங்கள் எல்லாம் அங்கேயே. மாவட்டத்தில் 2012இல் 8 லட்சத்து 15 ஆயிரம் பேர். பசறை, லுணுகலை, ஹாலிஎல, மடுல்சீமைத் தோட்டச் சனத்துக்கு ஹட்டனும் கண்டியும் எட்டாத தூரம். தோழியின் மனது கடைசி வரை அங்கேதான் இருந்தது. "அக்கா, எங்க ஊர்ச் சனம் யார்கிட்ட போகும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் ஹட்டனுக்கு வர வேண்டாம், பதுளையிலோ பண்டாரவளையிலோ உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். கொழும்புக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மாதத்தில் நான்கு தடவை கொழும்பில் நிற்க வேண்டிய என் போன்றவருக்கு அது முடியவில்லை.

மொழி, மண்

நான்கு ஊருக்கும் பொதுவான இரண்டு விஷயம் உண்டு. ஒன்று மொழி. 1999இல் வந்த வர்த்தமானிக்குப் பிறகு நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகத்துக்குள் வந்தன. பதுளை மாவட்டத்தில் சிலவும் வந்தன. சட்டப்படி தமிழில் விண்ணப்பித்துத் தமிழில் பதில் வாங்கலாம். நடைமுறையில் சிங்களக் கடிதத்தோடு வந்து "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்பவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்த்தோம். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். உரைபெயர்ப்பாளர் உண்டு, ஆனால் தன் வழக்கில் என்ன நடந்தது என்று கட்சிக்காரர் வெளியே வந்து சட்டத்தரணியிடம்தான் கேட்கிறார். எந்த ஊரில் திறந்தாலும் சிங்களத்தில் சரளமாக எழுதும் ஒருவரை முதல் நாளிலிருந்தே வேலைக்கு எடுங்கள். நம் சனத்தின் பக்கம் நிற்க நினைத்தால் அதுதான் முதல் செலவு.

மற்றது மண். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயம் லயமாக மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மூன்று மாவட்டங்களும் மண்சரிவில் அடிபட்டன, வீதியும் ரயில் பாதையும் அறுந்தன. ஒரு ஊர் பாதுகாப்பு, மற்றது ஆபத்து என்று சொல்ல முடியாது. ஒரே தெருவில் ஒரு கட்டிடம் நிற்கும், பக்கத்துக் கட்டிடம் சரியும். பின்சுவர் மண்ணை முட்டிக்கொண்டிருக்கும் கட்டிடத்தை மலிவு என்று எடுக்காதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா ஆவணத்தையும் படமெடுத்து வேறு ஊரில் ஒரு பிரதி வையுங்கள். ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சேவை நம் அலுமாரிக்குள் இருக்கிறது.

எங்கள் முடிவு

ஹட்டனில் மாடி. புதன்கிழமைகளில் மட்டும் கண்டியில், அந்த மூத்தவர் அலுவலகத்தில் வாடகைக்கு ஒரு மேசை. மேன்முறையீடு, வங்கி, கண்டிப்பக்கத்து உறுதி வேலை எல்லாம் அன்றைக்கு. கண்டியை முழுதாக விட முடியாது. விட்டால் தோழியின் தொழில் வளராது. கண்டியில் மட்டும் உட்கார்ந்தால் மூன்றரை மணிக்கு எழும்பும் ஆட்கள் எழும்பிக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் வேறாக இருக்கட்டும். கம்பனிகள், நிதி நிறுவனங்கள், பெரிய காணி வழக்குகள் உங்கள் வேலை என்றால் கண்டிக்கே போங்கள். ஹட்டனில் இருந்தால் நீங்கள்தான் தினமும் பஸ் ஏற வேண்டியிருக்கும். கையில் இரண்டு வருடத்துக்கான சேமிப்பு இல்லாமல், கணக்கு வேலைத் துணையும் இல்லாமல், தனியாக ஹட்டனில் சட்ட அலுவலகம் மட்டும் திறப்பதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். முதலில் கண்டியில் ஒருவரிடம் இருந்துகொண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஹட்டனுக்கு வாருங்கள்.

வேலை நேரத்தைப் பற்றித்தான் கடைசி வரை பேசினோம். தோட்டத்தில் பேர் போகாத நாள் ஞாயிறு. ஆகவே ஞாயிறு காலை எட்டிலிருந்து இரண்டு மணி வரை திறப்பு. திங்கள் எனக்கு விடுமுறை, தோழிக்கு நீதிமன்றம். போயாவுக்குப் பூட்டு. மாடியின் பின்சுவர் காய்ந்திருக்கிறது, இரும்பு அலுமாரிக்கு ஹட்டனிலேயே சொல்லியாயிற்று, உள்ளே மின்குமிழ் மாட்டத் துளையும் போடச் சொன்னோம். பெயர்ப்பலகை எழுதுகிறவர் போன வாரம் அளவெடுக்க வந்தார். மூன்று மொழியிலும் எழுத வேண்டும், இடம் காணாது, எதைச் சின்னதாக்குவது என்று கேட்டார். எங்கள் பெயர்களையும் பட்டங்களையும் சின்னதாக்கச் சொன்னோம். ஞாயிறு திறந்திருக்கும் என்ற வரி பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்.